முதல் வரிசைக் காவல்

"ஆள் வருது," என்கிறார் ரோஸ்வித்தா, குறுக்கெழுத்துப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

கேம்பர் வேனின் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, இடம் காலியா என்று கேட்டவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். எட்டு மீட்டர் நீளத்துக்குப் புல்தரை காலியாகக் கிடக்கிறது. நட்டநடுவே ஒரு மடக்கு நாற்காலி, அதில் நீல ஜெர்கின் போட்ட ஒரு பெண்மணி, அவ்வளவுதான்.

"வண்டியையே காணோமே?"

"தண்ணி பிடிக்கப் போயிருக்கு. வந்துடும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்வரிசைக்குப் போகிறார். ரோஸ்வித்தா ஏழு எழுத்தில் ஒரு பறவையைத் தேடத் தொடங்குகிறார். காலை ஒன்பதிலிருந்து இவர் விரட்டியவர்களில் இது நாலாவது ஆள்.

மோசல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே, படுக்கையும் அடுப்படியும் உள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் அறுபது வேன்கள் நிற்கிற இடம் இது. முதல் வரிசையில் பதினோரு இடம். அங்கே நின்றால் காலடியில் ஆறு. மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் அடுத்தவன் வேனின் முதுகுதான் காட்சி. முன்பதிவு கிடையாது, முந்தியவனுக்கு இடம். ஓய்வு பெற்று, நேரத்தை என்ன செய்வதென்று தெரியாத மனிதர்கள், இந்தப் பதினொன்றில் ஒன்றுக்காக விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறார்கள். வந்து, எவன் வேன் வாசல் பந்தல்துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். யாராவது சுருட்ட ஆரம்பித்தால் போதும், ரோஸ்வித்தாவின் கணவர் லோதார் கதவைத் திறந்து மனைவியையும் நாற்காலியையும் இறக்கிவிடுவார். பிள்ளையாரைப் பிடித்து வைத்த மாதிரி அவரை அங்கே வைத்துவிட்டுத்தான் வேனைத் திருப்பவே போவார்.

லோதார் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவர். இன்னும் அளந்துகொண்டிருக்கிறார். சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்து, காலை உணவு மேசைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, வேகவைத்த முட்டை உருளாது என்று உறுதியான பிறகே ரொட்டியில் வெண்ணெய் தடவுவார். தீப்பிடித்தால் பரவாமலிருக்க இரண்டு வேன்களுக்கு நடுவே மூன்று மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதினவர்கூட மறந்திருப்பார், லோதார் மறக்கவில்லை. வேன்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் வா போ என்றுதான் பேசுவார்கள். லோதார் மட்டும், வருஷா வருஷம் பக்கத்தில் வந்து நிற்கும் ஹாலந்துக்காரர் யோஸ்ட்டைப் பதினோரு வருடமாக "நீங்க கொஞ்சம் தள்ளி நிறுத்தினா நல்லாருக்கும்" என்றே சொல்லி வருகிறார்.

சரி, வேன் வந்து நின்ற பிறகாவது ரோஸ்வித்தா எழுந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதெப்படி? ஒரு தடவை இருவரும் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனார்கள். முக்கால் மணி நேரம்தான். திரும்பி வந்தால், இவர்கள் வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த புல்வெளியில் ஒரு சுவிஸ்காரர் வேனைக் குறுக்கே போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒருவர் காவல். அந்த ஒருவர் யார் என்பதில் விவாதமே வரவில்லை. ரோஸ்வித்தா இருபத்தாறு வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர், உட்காருவது அவருக்குப் பழகின வேலை என்பது லோதாரின் கட்சி. கோட்டை, மாதா கோயில், ஒயின் நிலவறை எல்லாவற்றையும் அவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "போட்டோ எடுத்துருக்கேன், பாரு. நேர்ல பாக்கறதவிட இதுல தெளிவா இருக்கு" என்பார்.

இப்படியாகப் பதினான்கு வருடத்தில் ரோஸ்வித்தா மோசல் முழுவதையும் சுற்றி வந்திருக்கிறார். பெர்ன்காஸ்டல் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "பத்து மணி வரைக்கும் நிழலு. அப்புறம் பிடரியில அடிக்கும்." டிராபென்-டிராபாக்? "ஐயோ, அங்க சரளைக்கல்லு. நாற்காலி காலு பொதஞ்சி போயிடும்." ட்ரீயரில் ரோமானியர் கட்டிய பெரிய வாசல் இருக்கிறதே? "இருக்காமே. நான் உக்காந்த எடத்துல எறும்பு இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். கூட நாமும் சிரித்துவிட்டு, பிறகு ஏன் சிரித்தோம் என்று சங்கடப்படுவோம்.

உள்ளுக்குள் அவருக்கு ஒரே ஓர் ஆசை, படகு. காலை பத்து நாற்பதுக்கு இந்தத் துறையிலிருந்து வெள்ளைப் படகு ஒன்று கோகெம் ஊருக்குக் கிளம்பும். நாற்காலிக்கு நேர் எதிரே போய், மலை வளைவில் திரும்பி மறையும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மதகு இருக்கிறது. படகு உள்ளே போனதும் தண்ணீரை நிரப்பி ஆளோடு மேலே தூக்குவார்களாம். அப்படித் தூக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. பதினான்கு வருடமாக லோதார் அந்தப் படகுக்கு வாய்தா வாங்கிக்கொண்டே வந்தார்.

அதே வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு ரோஸ்வித்தாவுக்கு எழுபது நிறைந்தது. அந்த வருடப் படகுக்கும் அன்றுதான் கடைசி ஓட்டம். மகள் சில்க்கே இரண்டு டிக்கெட் அனுப்பி, "அப்பா, இந்தத் தடவையும் ஏமாத்தினா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்று போனில் மிரட்டியும் இருந்தாள். ரோஸ்வித்தா தலைவாரி, கழுத்தில் பட்டுத்துண்டு கட்டி, எட்டு மணிக்கே தயார்.

ஒன்பதரைக்கு லோதார் வேனின் அழுக்குத்தண்ணித் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் முள்ளைப் பார்த்தார். முக்கால் தொட்டி.

"பத்தே நிமிஷம், ரோஸ்வித்தா. கேட் கிட்ட போய்க் கொட்டிட்டு வந்துடறேன்."

"சாயங்காலம் கொட்டினா என்ன?"

"முக்கால் தொட்டியோட ஒரு மனுஷன் எப்படி நிம்மதியா படகுல உக்காருவான்? நீ எடத்தப் பாத்துக்கோ."

நாற்காலி இறங்கியது. பட்டுத்துண்டும் கைப்பையுமாக ரோஸ்வித்தா அதில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறவர்கள் எல்லாரும் அழுக்குத்தண்ணியைக் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கேட்டருகே ஏழு வேன்கள் நின்றன. பத்து இருபதுக்குப் படகு துறைக்கு வந்து பலகையை இறக்கியது. ரோஸ்வித்தா போன் செய்தார்.

"லோதார், படகு வந்துடுச்சு."

"மூணாவது ஆளு நானு. இப்பப் போயி வரிசையை விடச் சொல்றியா?"

"நானாவது போறேன்."

"நீ போனா எடம் போயிடும்! படகு எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் போயிக்கலாம்."

"அடுத்த வருஷம் எனக்கு எழுபத்தொண்ணு, லோதார்."

"அதுக்கென்ன, அப்பவும் மிதக்கும்," என்றார் லோதார். பிறகு, முன்னால் ஒரு வண்டி நகர்ந்ததால், போனை வைத்துவிட்டார்.

ரோஸ்வித்தா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் முட்டியது. கோபத்திலா துக்கத்திலா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டும்தான் இருக்கும். பக்கத்து வேனிலிருந்து யோஸ்ட் காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"நீ போ, ரோஸ்வித்தா. நான் வேணா அந்த நாற்காலில உக்காந்துக்கறேன்."

"வேணாம் யோஸ்ட். ஒருத்தர் உக்காந்தது போதும்."

அந்த நேரம் பார்த்து பெல்ஜியம் எண்பலகையோடு ஒரு வேன் ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் தலையை நீட்டி, "இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள்.

ரோஸ்வித்தா எழுந்தார். நாற்காலியை மடக்கினார். அதை யோஸ்ட்டின் வேனில் சாய்த்து வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துக் காவலாளி மாதிரி கையை ஆட்டி, "வாம்மா, இன்னும் வா, இன்னும்... போதும்" என்று அந்த வேனைத் தானே முன்வரிசையில் நிறுத்தி வைத்தார். பிறகு துறையை நோக்கி நடந்தார். எழுபது வயது நடை இல்லை அது. ஓட்டம் என்றே சொல்லலாம்.

படகு கரையை விட்டு இருபது அடி போயிருக்கும். லோதாரின் வேன் காலித் தொட்டியோடு வந்து நின்றது. இறங்கினார். பெல்ஜிய வேனைப் பார்த்தார், யோஸ்ட்டைப் பார்த்தார். "என் பொண்டாட்டி எங்க?" என்று அவர் கேட்டதாக யோஸ்ட் இன்று வரை சத்தியம் செய்கிறார். ஆனால் மேல்தளத்திலிருந்து ரோஸ்வித்தா கண்டது வேறு. லோதார் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, மண்டியிட்டு, இரண்டு வேன்களுக்கும் நடுவே மூன்று மீட்டர் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தார். இருந்தது போலிருக்கிறது, மெதுவாக எழுந்து நின்றார். கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டுகொண்டது.

படகு வளைவில் திரும்பியது. தூரத்தில் மதகின் கதவு திறந்தது.

"கோகெம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், மேடம். உக்காருங்க," என்று பரிசாரகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரோஸ்வித்தா அதை மறுபடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, முன்முனைக்குப் போய், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.