சொல்லாமல் கிளம்புகிறவர்கள்

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓசூரிலிருக்கும் அவள் தம்பிக்குப் போன் செய்து, "சீரியஸா இருக்காப்பா" என்றேன். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல் போதும். என்ன நோய், எந்த டாக்டர் என்று கேட்க மாட்டார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். அவனும் கேட்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது அவள் இருந்தாள். மறுநாள் இல்லை.

அதன்பின் பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்த சொற்களெல்லாம் வெள்ளை வேட்டி கட்டித்தான் வந்தன. ஆபீஸ் குரூப்பில் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு'. ஒருவர் போட்டதையே அடுத்தவர் எடுத்து ஒட்டியிருந்தார், ரோஜாப்பூப் படம் உட்பட. தெருமுனையில் மைத்துனன் கட்டிய பிளெக்ஸில் அவள் 'குடும்பத்தின் குலவிளக்கு' ஆகியிருந்தாள். பாத்ரூம் லைட்டை அணைக்கவில்லை என்று தினமும் என்னோடு மல்லுக்கு நின்றவள். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

'செத்துட்டா' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தவறிட்டாங்க, காலமாயிட்டாங்க, சாமிகிட்ட போயிட்டாங்க. எனக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லைதான். ஆனால் மற்றவர்கள் சொல்லாதபோது கோபம் வந்தது. கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா மட்டும் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "ஊட்டா ஆய்தா சார்?" என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்பதுதான். இந்த ஊரில் காய்கறி வாங்கப் போனாலும் கேட்பார்கள். அந்த நாட்களில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் எங்களோடு தங்கித்தான் ஐடிஐ படித்தான். கல்யாணமாகி ஓசூர் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் ஓட்டை சைலன்சர் பைக்கில் வந்துவிடுவான். செருப்பை ஒரு மூலைக்கு உதறிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்து, "இன்னைக்கும் சாம்பாராக்கா?" என்பான். என்னிடம் பேசியது குறைவு. அவன் அக்காவைப் பார்க்க வந்தான். நானும் அந்த வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். இனி இவன் வருவானா என்ற கேள்வி சுடுகாட்டிலேயே எனக்கு வந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டு நினைக்கிற நினைப்பா இது என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை. அவனும் வராவிட்டால் என் வீட்டுக் கதவைத் திறக்க உலகத்தில் ஆளே கிடையாது.

பதினாறாம் நாள் காரியம். கல்யாணம் காதுகுத்தென்றால் எங்களுக்கு விசேஷம். சாவுச் சடங்கென்றால் வெறும் காரியம். சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர்கள் புறப்பட்டார்கள். துக்க வீட்டுக்கு வருபவரை 'வாங்க' என்று அழைக்கக் கூடாது. புறப்படுபவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அங்கே இன்னொரு துக்கத்துக்கு வருவதாக ஆகிவிடுமாம். நானே எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படி நழுவி வந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் ஒரு வாடகை நாற்காலி காலியாகிவிடுகிறது.

மைத்துனன் பையைத் தோளில் மாட்டினான். என்னைப் பார்த்து வாயெடுத்தான். "ஒண்ணும் சொல்லாத, நட" என்றார் அவன் பெரியப்பா. அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எப்பப்பா வருவ?" என்று கேட்டுவிட்டேன்.

துக்கக்காரன் கேட்கவே கூடாத கேள்வி. படியில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். பெரியப்பா என் பக்கம் பார்க்காமல் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவன் திரும்பாமல் போனான். திரும்பிப் பார்க்கவும் கூடாதாம்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் யாரும் வரவில்லை. நான் பழக்கம் விடாமல் அதிகமாகவே அரிசி போட்டேன். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றித் திங்கட்கிழமை தின்றேன். ஓசூர் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். துக்கக்காரன் வருஷம் திரும்பும்வரை இன்னொருவர் வாசலை மிதிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். போன் செய்யலாம். ஆனால் கூப்பிட்டு வந்தால் அது எனக்காகப் பரிதாபப்பட்டு வந்ததாகும். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்யவில்லை.

ஒரு ஞாயிறு காலை தெருவில் அந்த ஓட்டை சைலன்சர் சத்தம் கேட்டது. போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். பால் பொங்கி வந்தது. அணைத்தேன். மாடிப்படியில் சத்தமே இல்லை. அப்புறம் போன் அடித்தது.

"மாமா, கீழதான் நிக்கிறேன்."

"சரிப்பா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மேல வரலாமா மாமா?"

எங்கள் வீட்டில் வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? 'வாடா' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.