ஆசிரியர் பெயர்

பேராதனையில் ஒரு போட்டோகொப்பிக் கடை. என் அம்மா நடத்திய கலை இதழைத் தொகுத்து மறுபதிப்புச் செய்யும் மாணவி, பழைய பிரதிகளை மேசையில் விரித்தாள். தாள்களில் ரோணியோ நகலச்சு இயந்திர மையின் எண்ணெய் வாடை இன்னும் இருந்தது.

கண்டியில் எங்கள் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அந்த இதழ் உருவானது. அம்மா மெழுகுத்தாளில் தட்டச்சுச் செய்வார். அரசாங்க எழுதுவினைஞரான அப்பா சேர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோணியோவின் கைப்பிடியைச் சுற்றுவார். ஈரத் தாள்களைக் கதிரைகளில் பரப்புவது ஒன்பது வயதான என் வேலை. ஆசிரியர்கள் என்று இருவர் பெயரும் முதல் பக்கத்தில் இருக்கும்.

ஒருமுறை, படையினர் பிடித்துச்சென்று காணாமற்போன மகனைத் தேடும் தாயொருத்தியின் கவிதை வந்தது.

"இதைப் போட்டால் என்ர வேலை போயிடும்," என்றார் அப்பா.

அம்மா தட்டச்சை நிறுத்தவில்லை. "அப்ப உங்கட பேரை எடுத்துவிடுறன். கவிதை இருக்கட்டும்."

"ஓம், எடும்," என்றார் அப்பா. பிறகு எழுந்துபோய் அந்தக் கவிதையை அவரே அச்சடித்தார். கடைசி இதழ்வரை அவர் பெயர் இல்லாமல் அப்படித்தான் நடந்தது. அதைப் பற்றி அவர்கள் மீண்டும் பேசி நான் கேட்டதில்லை.

"ஆசிரியருன்னு அம்மா பேரு மட்டும் போடவா, டீச்சர்?" என்று மாணவி கேட்டாள்.

"ஓம். அதுக்குக் கீழ, அச்சடிச்சவர் எண்டு அப்பாவின்ர பேரைப் போடுங்கோ," என்றேன்.