புகையடித்த வாரம்

கோலா சாவாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்று இருந்தது என்றால், இப்போது சிரம்பானில் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். பெயர்ப்பலகையும் முத்திரையும் இருந்த சங்கம்தான். உறுப்பினர்கள் அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். வேனும் தலைவருடையது.

வளர்த்தது கொட்டாத சின்னத் தேனீ. கெலுலுட் என்போம். மரத்துண்டின் மேல் பலகைப் பெட்டி இருக்கும். அவை தாமே கட்டிக்கொண்ட மெழுகுக் குழாய் வழியாகப் போய்வரும். வெயில் மாதங்களில் கூட்டம் போட யாருக்கும் நேரமிருக்காது. ஆண்டுக் கடைசி மழையில்தான் சங்கத்துக்கு உயிர் வரும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கூடுவார்கள். உடைந்த பெட்டிகளுக்கு ஆணியடிப்பார்கள். எறும்பு ஏறாமல் பெட்டி மேடையின் கால்களில் கிரீஸ் தடவுவார்கள். யார் வீட்டில் ராணி செத்தது, யாருடைய தேன் புளித்தது என்று பேச்சு நடக்கும். செயலாளரான அப்பா, அறிக்கை வாசிக்கும்போது மட்டும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொள்வார். வடை வந்துவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதால் முன்னாலேயே வாசித்துவிடுவார்.

எனக்கு ஏழு வயதிருக்கும். தங்கை என்னைவிடச் சின்னவள், இன்னும் பள்ளிக்குப் போகாதவள். அந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கி என்றார்கள், கொசுவால் வரும் டெங்கு. தலைவர் மாமாவின் வேனில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள்.

டிங்கி வந்த வீட்டைச் சுற்றிக் கொசுவைக் கொல்ல மருந்துப் புகையடிப்பது வழக்கம். ஒரு வண்டி வந்து, சாப்பாட்டை மூடி வையுங்கள், வீட்டைவிட்டு வெளியே வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போனது. பெரியம்மா சோற்றுப் பானையை மூடினார். தேனீப் பெட்டிகளின் நினைப்பு அவருக்கு வரவில்லை. புகை புகாமல் குழாயை ஈரத்துணியால் அடைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில், ரத்தம் கொடுக்க நின்றிருந்தார்கள். எங்கள் வீடு வெள்ளைப் புகைக்குள் மறைந்துபோனது. லயத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே புகைக்குப் பின்னால் ஓடினோம். திருவிழா மாதிரி இருந்தது.

தங்கை தலைவர் மாமாவின் வேனில் திரும்பி வரவில்லை. வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள்.

அப்பா அழவில்லை. நாற்காலி போட்டார். கூடாரத்தில் தேங்கிய மழைநீரைக் கம்பால் தள்ளிவிட்டார். வந்தவர்களிடம் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டே திரிந்தார். அம்மாவுக்கு அழுது அழுது குரலே போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பா பின்பக்கம் போனார். நானும் கூடப் போனேன். குழாய் வாய்களில் ஒரு தேனீகூட இல்லை. முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே கருஞ்சீரகம் கொட்டினாற்போல் செத்துக் கிடந்தன. ஒரு கை அள்ளினார். அடுத்த பெட்டியைத் திறந்தார். அதுவும் அப்படியே. அப்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதார்.

அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து பார்த்தார்.

“பெத்த பிள்ளைக்கு அழல. பூச்சிக்கு அழுறீங்களா?”

அந்தக் குரல் கரகரத்திருந்தது. அம்மா கேட்டது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. “சோறு போட்டாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு” என்பார் அம்மா. அப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருப்பார். ஆனாலும் நான் போய்ச் சொல்வேன். வீட்டில் எனக்கு இவ்வளவு முக்கியத்துவம் அதற்கு முன் இருந்ததில்லை.

கூட்டத்து ஞாயிறு வந்தது. யாரும் கூப்பிடாமலே சங்கத்தார் வந்தார்கள். அன்று அறிக்கை இல்லை, வடை இல்லை. பக்கத்துக் கம்பம், அந்த மலாய்க் கிராமத்திலிருந்து பாக்சிக் மட்டும் பிந்தி வந்தார். மலாய்க்காரர், சங்கத்திலேயே மூத்தவர்; பாக்சிக் என்றால் மாமா. மோட்டார் சைக்கிளின் பின்னால், தேனீயோடு ஒரு மரத்துண்டைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தன் மழைக்கோட்டை அதற்குப் போர்த்திவிட்டு, அவர் முழுக்க நனைந்திருந்தார்.

“தம்பி, வெளிய வந்து பாருங்க லா” என்றார் தலைவர் மாமா.

அறைக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: “எனக்கு வேணாம் அண்ணே. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

பாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. நீர் சொட்டச் சொட்ட, மரத்துண்டை அணைத்தபடியே நின்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதுவரை பெட்டிகளின் பக்கமே போகாதவர், பழைய பெட்டி இருந்த மேடையைக் காட்டி, இங்கே வையுங்கள் என்று மலாயில் சொன்னார். புது இடம், மழை வேறு, வெயில் வரும்வரை சீனித்தண்ணீர் வைக்க வேண்டும் என்று பாக்சிக் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

தினமும் அம்மாதான் வைத்தார். சிறு தட்டில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்கக் குச்சிகளைப் போட்டு, குழாய்க்குப் பக்கத்தில் வைப்பார். அப்பா சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. அம்மா மேடைக்கருகே குந்தி, கிண்ணத்தில் கலக்கிக்கொண்டிருந்தார். அப்பா குடையோடு வெளியே போனார். அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தார். குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

“சீனி கூடிப்போச்சு. கொஞ்சம் தண்ணி ஊத்து” என்றார்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டார். எழுந்து அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. குடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இருவரும் நனைந்துகொண்டே வெகுநேரம் நின்றார்கள்.

அடுப்படி வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த எனக்கு அப்பாமேல் பொல்லாத கோபம் வந்தது. இரண்டு நாளைக்கு அவரோடு பேசவில்லை. கேவலம் ஒரு கரண்டி சீனிக்காக அம்மாவை இப்படி அழவைத்துவிட்டாரே என்று.