யாரும் படுக்காத கட்டில்கள்

புத்தளம் பக்கம் எத்தாளையில் ரம்ஸியாவின் தேத்தண்ணிக் கடைக்கு அந்த உண்டியலைக் கொண்டுவந்து வைத்தவர் மிகவும் மரியாதையான மனிதர். ஷிப்லி சேர் என்று சொல்லிக்கொண்டார். குரலை உயர்த்தாமல் பேசுவார். குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். வண்ணாத்திவில்லுப் பக்கம் யதீம் பிள்ளைகளுக்கு, அதாவது தாய் தகப்பன் இல்லாதவர்களுக்கு, ஓர் இல்லம் நடத்துவதாகச் சொன்னார். உண்டியலின் முகப்பில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரம்ஸியாவுக்குப் பிள்ளை இல்லை. கணவன் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருடம். விடிய எழும்பி இடியப்பம் அவித்து, களப்போர ஹொட்டல்களுக்கு ஓட்டோக்காரன் அன்ரனிடம் கொடுத்தனுப்புவாள். வெள்ளைக்காரர் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வரும் ஹொட்டல்கள் அவை. பிறகு கடையைத் திறந்ததும் உண்டியலில் இருந்த அந்தச் சிறுமியின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

"மிச்சத்த இந்தப் புள்ளைக்கிப் போட்டுட்டுப் போங்களேன்" என்று வருகிறவர்களிடம் கேட்பாள். அன்ரனும் சிரித்துக்கொண்டே போடுவான். ஒரு பெருநாளுக்குப் பூப்போட்ட சட்டை ஒன்று தைத்து ஷிப்லி சேரிடம் கொடுத்தனுப்பினாள். அடுத்த முறை வந்தபோது, "போட்டு அழகு பாத்தோம்" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. நீர்கொழும்பில் அன்ரனின் மாமி மகளும் செத்துப்போனாள். வெள்ளைக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். களப்பின் மேல் காற்று நன்றாக அடித்தது, வானத்தில் ஒரு பட்டம்கூட இல்லை. ஹொட்டல் அறைகளில் விரித்த வெள்ளைத் துணி விரித்தபடியே கிடந்தது. இடியப்பம் வேண்டாம் என்றார்கள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று தெரியவந்த பிறகு, பஸ்ஸில் முக்காடிட்ட ரம்ஸியாவின் பக்கத்து இருக்கை காலியாகவே போனது. நின்றுகொண்டு வந்தவர்களும் அதில் உட்காரவில்லை.

பொலிஸார் வந்து உண்டியலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வந்த அதிகாரி கோபப்படவில்லை. குண்டு வைத்த கூட்டத்துக்கு வாடகை வீடும் வேனும் வெடிமருந்தும் இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்துதான் போயின என்றார். ஷிப்லி சேர் ஏற்கெனவே பிடிபட்டிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ளைகள் எங்க சேர்?" என்று கேட்டாள். அதிகாரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறினார்.

அவள் அன்ரனிடம் போனாள். "என்னை அந்த இல்லத்துக்குக் கொண்டுபோய் விடு தம்பி. புள்ளைகள் பசியோட இருக்குங்கள்."

அன்ரன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான். பிறகு, "என்ட காசும் அந்த உண்டியலுக்குள்ள கிடந்தது அக்கா" என்றான். "ஏறுங்க."

தென்னந்தோட்டத்தின் நடுவே வீடு. நல்ல வெயில். சோதனை முடித்துப் போன பொலிஸார் வெடிமருந்து தேடிப் பின்வளவில் தோண்டிய குழி மூடப்படாமல் கிடந்தது. கதவு திறந்திருந்தது. அன்ரன் வாசலோடு நின்றுவிட்டான்.

உள்ளே சின்னக் கட்டில்கள் வரிசையாக இருந்தன. தலையணைகளில் கடைப் பொலித்தீன் கழற்றப்படவில்லை. ஒவ்வொரு கட்டிலின் கீழும் ஒரு சோடிச் செருப்பு. ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு மண்துகள் இல்லை. சுவரில் கைபட்ட கறை இல்லை. எண்ணெய்த் தலையின் வாடை, மூத்திர வாடை, எதுவுமே இல்லை. அலுமாரிக்குள் அவள் தைத்த சட்டை, அவள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

கூப்பிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்களோ என்பதுபோல், "மக்காள்" என்று மெல்லக் கூப்பிட்டாள். அவள் குரலே வெறும் அறைகளுக்குள் போய்த் திரும்பிவந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி, யுத்தத்துக்குள் வன்னியிலிருந்து வந்து குடியேறியவர், அவள் வெளியே வருவதைக் கண்டு கிட்ட வந்தார். ரம்ஸியா பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள்.

"பிள்ளையளோ? காசு குடுக்கிற ஆக்கள் வாற நாளில ஒரு வேன் நிறையக் கொண்டுவருவினம். கட்டிலில இருத்திப் படம் எடுப்பினம். பின்னேரம் வேன் போயிடும். இந்த வீட்டில ஒரு பிள்ளை அழுது நான் ஒருநாளும் கேக்கேல்ல."

"எங்கத்தப் புள்ளைகள்?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை."

ரம்ஸியா பொலிஸுக்குப் போய்க் கண்டதையெல்லாம் சொன்னாள். தன் சொல்லைக் கேட்டு உண்டியலில் போட்டவர்களின் வாசல்களுக்கும் போய்ச் சொன்னாள். சிலர் அழுதார்கள். சிலர், "ஊருக்கே கெட்ட பேர் வாங்கித் தாறியா?" என்று கதவைச் சாத்தினார்கள். கடைக்கு ஆள் வருவது நின்றது. ஹொட்டல்களுக்குப் பூட்டு விழுந்தது. தவணை கட்டாததால் அன்ரனின் ஓட்டோவை லீசிங் கம்பெனிக்காரர் எடுத்துக்கொண்டு போக, அவன் வேலை தேடிக் கட்டாருக்குப் போனான். அவள் பாலாவி உப்பளத்தில் கூலிக்கு நின்றாள்.

வருடங்கள் கழித்துக் கடையைத் திரும்பத் திறந்தாள். போன மாதம் மதுரங்குளியிலிருந்து ஸாஜிதா என்ற பெண் வந்தாள். மகனுக்கு இதய ஒப்பரேஷன், உதவி வேண்டும் என்று அவனுடைய படத்தை நீட்டினாள். ரம்ஸியா அதைத் தொடவில்லை.

"படம் வேணாம். புள்ளையக் காட்டுங்க."

கடையைச் சாத்திவிட்டு அவளோடு பஸ் ஏறிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இப்ப எல்லாரும் இப்படித்தான் தாத்தா. வந்து பாத்துட்டுத்தான் தாறாங்க. முந்தியெண்டா கேட்டாலே தருவாங்க" என்றாள் ஸாஜிதா, மூத்த சகோதரியிடம் பேசுவதுபோல், குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

பையன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். ரம்ஸியா அவனுடைய பாதத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. அவன் முனகிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டான்.

அவள் கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்தாள். எத்தாளைக்குக் கடைசி பஸ் போகப்போகிறது என்று ஸாஜிதா நினைவுபடுத்தினாள். ரம்ஸியா எழும்பவில்லை.