எங்கே போறே என்று கேட்காதீர்கள்

எங்கள் வீட்டுக் கடிகாரம் இருபது நிமிஷம் வேகமாக ஓடும். அப்பா வேண்டுமென்றே அப்படித் திருப்பி வைத்திருக்கிறார். வாசலைத் தாண்டிப் போய், வழியில் யாராவது கேட்டு, திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து வைத்த இருபது நிமிஷம் அது. சின்ன வயதில் எல்லார் வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா பெயர் சுப்பராயலு. வயது அறுபத்து மூன்று. கரிக்கலாம்பாக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கரும்பும் வைக்கிறார். சிகரெட் இல்லை, குடி இல்லை, யாரோடும் வம்பு இல்லை. ஆனால் அவர் வெளியே கிளம்பும்போது யாரும் ‘எங்கே போறே’ என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அந்த இடத்திலேயே நின்று, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்ற நினைப்பு ஊரில் எல்லாருக்கும் உண்டுதான். முகம் சுளித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். கொஞ்சம் அழுத்தமான ஆட்கள் நாலடி பின்னால் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் போதாது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கிழக்குப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். அம்மா கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். சொம்பு நிறைய இருக்க வேண்டும். நான் கொடுத்தால் செல்லாது. அம்மாவும் கூடக் கிளம்பியிருந்தால், அவளும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

இதற்குச் சட்டதிட்டம் எல்லாம் வைத்திருக்கிறார். ‘தூரமா?’ என்று கேட்டால் குற்றமில்லை. எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டால் தாராளமாகப் பதில் சொல்வார். பஸ் படியில் கால் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு கண்டக்டர் கேட்பது கணக்கில் வராது. ஆட்டோவில் மட்டும் அவரால் ஏறவே முடியாது. ஆட்டோக்காரர் முதலில் கேட்பதே அதுதானே!

என் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு மண்டபம் வருவதற்குள் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பிய மனிதர் அவர். நான் மணையில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்கிறார், கன்னிகாதானம் செய்ய வேண்டியவர் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். என் மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எங்கள் தெருவை அவர் பழக்கி வைத்துவிட்டார். அவர் தலை தெரிந்தால் பெண்கள் குனிந்து கோலத்தைப் பார்ப்பார்கள். டீக்கடையில் இருப்பவர்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் வேண்டுமென்றே கேட்டுவிட்டு ஓடும். ஒரு காலத்தில் அவரே ஒரு யோசனை செய்து, முந்தின நாளே வீடு வீடாகப் போய், “நாளைக்கு வில்லியனூரு போறேன்பா, ஒரம் வாங்க” என்று அறிவித்துப் பார்த்தார். அடுத்த நாள் நாலு பேர் அவரை நிறுத்தி, “எங்க மாமா, வில்லியனூரா?” என்று அக்கறையாக விசாரித்தார்கள். அன்றைக்கு உரம் வந்து சேரவில்லை.

இதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. அவர் யாரையும் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. என் வயதுப் பெண்களை அவரவர் அப்பா வாசலிலேயே மறித்து விசாரிப்பார்கள். என் அப்பா வாயைத் திறக்க மாட்டார். நான் திரும்பி வந்து முகம் கழுவிய பிறகுதான், “எங்கம்மா போய்ட்டு வந்த?” என்பார். கூடப் படித்தவர்களுக்கு அதில் ஒரே பொறாமை.

ஏன் இப்படி என்று அவர் சொன்னதில்லை. வள்ளியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு நாள் பயிறு ஆய்ந்துகொண்டே சொன்னாள். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை. அம்மாவுக்கு வலி எடுத்த காலையில், பாகூரில் கார் எடுத்து வர அப்பா சைக்கிளில் ஓடியிருக்கிறார். ஏரிக்கரை முனையில் யாரோ, “எங்கடா சுப்பராயலு, இவ்ளோ வேகமா?” என்று கேட்டிருக்கிறார். அவசரத்தில் அப்பா பதில் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். கார் வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், பிள்ளை அசையாமல் பிறந்தது. “அன்னிக்கி திரும்பி வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்கும்னு சொல்லிச் சொல்லி அழுதாம்மா உங்கப்பன்” என்றாள் அத்தை. அது நடந்து முப்பத்தாறு வருஷம்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அவர் மேல் கோபப்படக்கூட முடியாமல் போயிற்று. ஆனால் சலிப்பு போகவில்லை. பாவம் பார்த்தால் சலிப்பு போய்விடும் என்று யார் சொன்னது?

அம்மா தையலம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இதில் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. களை எடுத்துக்கொண்டிருப்பாள், அப்பா வரப்பில் திரும்பி வருவது தெரியும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போவாள். சொம்பை எடுப்பாள், நிரப்புவாள், கொடுப்பாள். அவர் குடித்து முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. ஓயாமல் வேலை செய்யும் பெண்களின் முகம் அப்படித்தான் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் அவளுக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். கரும்புக் கட்டையில் இடித்துக்கொண்டு விழுந்து முழங்கையில் தோல் பிய்ந்தது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். காலை எட்டு மணிக்குள் வந்து பெயர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கொடுத்த தேதியில் பால் சொசைட்டிக்கு வந்த ஒருவர் கேட்டுவிட்டார். மறுபடி கிளம்பியும், பார்வை மங்கிய அம்மாவின் நடைக்கு அந்த இருபது நிமிஷம் போதாமல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அன்றைக்கான ஆட்களை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இரண்டாவதாகக் கொடுத்த தேதியில் நான் கெட்டிக்காரத்தனமாக ஆட்டோ அனுப்பினேன். எதுவும் கேட்காதீர்கள் என்று டிரைவரிடம் சத்தியம் வாங்காத குறை. அப்பா ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் பழக்க தோஷத்தில், “எங்க சார், கிருமாம்பாக்கம் வழியாவா போறது?” என்றாராம். அப்பா இறங்கிவிட்டார். அம்மாவும் இறங்கி, உள்ளே போய், சொம்பை எடுத்தாள். அப்பா குடித்து முடிப்பதற்குள் ஆட்டோ வேறு சவாரிக்குப் போய்விட்டது.

“இனிமே தள்ளாதீங்கம்மா, ரொம்ப முத்திப் போனா ஆபரேஷனே சிரமம். பார்வை வருமான்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். அதைக் கேட்டுவிட்டு வந்து நான் அப்பாவிடம் கத்தினேன்.

“நான் இன்னாம்மா பண்றது, அவன் கேட்டுட்டானே” என்றார்.

“அம்மாவ நானே இட்டுக்கினு போறேன். நீ வூட்ல இரு.”

 அம்மாதான், “அவரு வராம நான் போய்ப் படுக்க மாட்டேன்” என்று முடித்துவிட்டாள். இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது.

மூன்றாவதாகக் கொடுத்த தேதிக்கு, நான் வேலை பார்க்கும் வில்லியனூர் பள்ளிக்கூடத்து ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டேன். காலையில் கடிகாரம் ஆறரை காட்டியபோது, அதாவது ஆறு பத்துக்கு, மூவரும் கிளம்பினோம். அம்மா ஒரு பையில் புடவை, துண்டு, ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்திருந்தாள். அப்பா பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ம்... ம்... சரிபா” என்று பேசிக்கொண்டே நடந்தார். போன் பேசுகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்.

தெரு தாண்டியது. டீக்கடை பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டது. வாய்க்கால் மதகும் தாண்டியாயிற்று. அதற்கு அந்தப் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது மனை. புது வீடு கட்டி வந்தவர்களுக்கு அப்பாவைத் தெரியாது. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, சிரித்த முகமாக நிமிர்ந்து, “என்ன சார், குடும்பத்தோட காலையிலேயே எங்க கிளம்பிட்டீங்க?” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார். அந்தப் பெண்மணிக்குக் கும்பிடு போட்டார். திரும்பினார்.

அம்மா திரும்பவில்லை. மெயின் ரோட்டைப் பார்த்து அதே நடை நடந்துகொண்டிருந்தாள். பார்வை சரியில்லாததால் தெரியவில்லையோ என்று நான் கூப்பிடப் போனேன். அதற்குள் அப்பா பத்தடி போய்விட்டு, பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தார்.

“தையலு! ஏய்! எங்கடி போற?”

என் முப்பத்து மூன்று வயதில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஓடி வந்தார்.

“ஐயோ, நானே கேட்டுட்டனே. ஆபரேஷனுக்குப் போறவள... வாடி, வூட்டுக்குப் போயி தண்ணி குடிச்சிட்டு வந்துரலாம். ரெண்டு பேருமே குடிக்கணும். வா.”

அம்மா நின்றாள். பையைக் கீழே வைத்தாள். “நான் வரல. எனக்குக் கால் வலிக்குது” என்றாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

“அது அன்னிக்கி சாவல.”

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“அதுக்கு முன்ன ரெண்டு நாளாவே வயித்துல அசைவே இல்ல. செவ்வாக்கெழமையிலேர்ந்து இல்ல. நீ சைக்கிள் எடுத்துக்கினு போனியே, அப்பவே எனக்குத் தெரியும். நாத்து நடவு நேரம், யாருகிட்டயும் சொல்லாம வேல செஞ்சிக்கினு கெடந்தேன். சொல்லியிருந்தா ஒருவேள பொழச்சிருக்கும். ஏரிக்கரையில எவன் கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா.”

“ஏன்டி சொல்லல?” என்றார் அப்பா.

“நீ அந்தக் கேள்வியப் புடிச்சிக்கினு இருந்த. அத வுட்டா என்னப் புடிச்சிப்பியோன்னு பயம். அதான் நீ திரும்பித் திரும்பி வரப்போ எல்லாம் தண்ணி குடுத்துக்கினே இருந்தேன். என்னால இனிமே முடியல. கண்ணும் தெரியல.”

செடிக்குத் தண்ணீர் விட்ட பெண்மணி குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். பாகூர் வழியாகப் போகும் பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. அம்மா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். பஸ் நகர ஆரம்பித்த பிறகு யாரோ படியைத் தட்டினார்கள். அப்பா ஏறினார். ஒரு காலில் செருப்பு இல்லை, ஓடி வந்ததில் எங்கோ விழுந்திருக்கிறது. கண்டக்டர் அவரிடம் வந்து, “எங்கபா போவணும்?” என்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “பிள்ளையார்குப்பம், மூணு” என்று அம்மாதான் சொன்னாள்.

அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.  அவர் அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏரிக்கரை முனை வந்தது, போனது. அம்மாவின் கை தானாகப் பைக்குள் போயிற்று. பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். முப்பத்தாறு வருஷப் பழக்கம், அந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்?

அப்பா பாட்டிலை வாங்கினார். மூடியைத் திறந்தார். குடிக்கவில்லை. அம்மாவின் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதில் வைத்தார்.

“கேட்டது நான். நீதான குடிக்கணும்” என்றார். “குடி.”

அம்மா குடித்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை அப்பா பாட்டிலின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.