விமானத்தில் போன சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளைச் 'சக்கரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணி வேலைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் வந்து, எட்டு மணி நேரம் ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி இருபத்திரண்டு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பஸ் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும் என்பாள்.

ஒரு நாள் காலை, மேம்பால ஏற்றத்தில் அவள் ஓர் ஆளைத் தாண்டிப் போனாள். தலைக்கவசம், இறுக்கமான சட்டை, வெளிநாட்டு சைக்கிள் என்று சகல அலங்காரத்தோடும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், அதே ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர். அவள் கேரியரில் சாப்பாட்டு டப்பா கடகடத்தது. மத்தியானம் டாக்டர் சலவைப் பிரிவுக்கே தேடி வந்துவிட்டார்.

"காலையில என்னைத் தாண்டிப் போனது நீங்கதானே?"

வேலைக்கு உலை வைக்க வந்துவிட்டார் என்று அவள் பயந்தாள். அவரோ அவளைப் பந்தயச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். வெளிநாட்டுக்கு வேலை மாறிப் போகும்போது தன் சைக்கிளையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒரே கையால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள் அது.

ஆறு வருடம் மண்டலப் போட்டியில் ஓட்டினாள். நாலாவது, ஐந்தாவது, மறுபடி நாலாவது. தேசியப் போட்டிக்கு முதல் மூன்று பேருக்குத்தான் இடம். முப்பத்தொன்பதாவது வயதில் மூன்றாவதாக வந்தாள். நாற்பது ஆகிவிட்டால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள்.

போட்டி நடக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக முடியும். ரயிலில் போனால் மூன்று நாள். அத்தனை நாள் லீவு கிடைக்காது. ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவன், ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயை நீளவாக்கில் கிழித்து, சைக்கிளின் ஒவ்வொரு கம்பிக்கும் சட்டை போட்டான். ஹேண்டிலைத் திருப்பி, சக்கரங்களைக் கழற்றி, பக்கவாட்டில் அட்டை வைத்து, பெரிய அட்டைப்பெட்டியில் இறக்கினான். பெடல்களையும் சாவிகளையும் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஆக்ஸில் கம்பியையும் ஒரு துணிப்பையில் போட்டு ஓரத்தில் செருகினான்.

"புள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்புற மாதிரி இருக்கு" என்றான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் சிரித்து வைத்தாள்.

விமான நிலையத்தில் வாசல் வரைதான் அவனை விட்டார்கள். உள்ளே கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்னங்க?"

"சைக்கிள்."

"குழந்தைக்கா?"

"எனக்கு."

பெரிய சாமான்களைச் சோதிக்கும் இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேப்பைக் கிழித்தார்கள். துணிப்பையைத் தட்டில் கொட்டினார்கள். ஆக்ஸில் கம்பியை ஒருவர் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"சக்கரத்துக்கு சார்."

அவர் இன்னொருவரிடம் காட்டினார். இன்னொருவர் தலையசைத்தார். அதற்குள் அவள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. தட்டில் கிடந்ததையெல்லாம் வாரிப் பைக்குள் போட்டாள். டேப்பை அரைகுறையாக ஒட்டினாள். ஓடினாள்.

அன்று பிற்பகல் தங்கும் விடுதி அறையில், இரண்டு கட்டிலுக்கும் நடுவில் பெட்டியைப் பிரித்தாள். சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரத்தை மாட்டினாள். பெடல்களை முறுக்கினாள். பிறகு பையைத் தலைகீழாக உதறினாள். கம்பி இல்லை. ஒவ்வொரு நுரைக்குழாயையும் உருவி எடுத்துப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த பந்தயக்காரியும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடிவிட்டு, "எங்க விட்டீங்க அக்கா?" என்றாள்.

எங்கே என்று அவளுக்குத் தெரியும். விமான நிலையத்துச் சோதனைக்காரர்கள் கையில் இருந்தபோது கடைசியாகப் பார்த்தது.

கணவனுக்குப் போன் செய்தாள். கம்பி இல்லை என்றதும் அவன் தன்னையே நொந்துகொண்டான்.

"அதைப் பையில போட்டதே தப்பு. சக்கரம் மாட்டுற ஃபோர்க்குலயே திருகி விட்டிருக்கணும். எனக்கு ஏன் தோணல?"

"நீங்க என்ன பண்ணுவீங்க. நான்தான் பாக்காம ஓடுனேன்."

பந்தயத் திடலில் ஒரு மெக்கானிக் கூடாரம் இருந்தது. அங்கிருந்தவர் நல்ல மனிதர். தன்னிடமிருந்த ஏழு கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எல்லாம் உள்ளே போயின, ஒன்றும் பிடிக்கவில்லை.

"தடிமன் சரியா இருக்கும்மா. திருகுற மரைதான் வேற. இந்தக் கம்பெனிக்காரன் தனியா ஒரு மரை வெச்சிருக்கான்."

"எதையாவது போட்டு இறுக்க முடியாதா?"

"இறக்கத்துல கழண்டா உங்க மூஞ்சி மிஞ்சாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

இரண்டு கடைகளுக்கு ஆட்டோவில் போனாள். அங்கேயும் இல்லை. லேத் பட்டறையில், கடைந்து தரலாம், ஆனால் நாளை மத்தியானம்தான் என்றார்கள். பந்தயம் காலை ஆறு மணிக்கு.

கடைசியில் அமைப்பாளர்கள் ஒரு பயிற்சி சைக்கிளைக் கொடுத்தார்கள். அவளைவிட ஒரு சாண் உயரமான யாருக்கோ செய்தது. சீட்டை அடிவரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால் முழுதும் எட்டவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டியிருந்தது. முதல் சுற்றில் கூட்டத்தோடு இருந்தாள். இரண்டாவது சுற்றின் ஏற்றத்தில் கூட்டம் அவளைவிட்டு நகர்ந்தது. அவர்களுடைய முதுகுகள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். மூன்றாவது சுற்றில் ஒரு கார் பக்கத்தில் வந்தது.

"நேரம் தாண்டிருச்சுங்க. நிறுத்திருங்க."

நிறுத்தினாள். இறங்கி வந்த அதிகாரி, முதுகிலிருந்த எண் அட்டையின் ஊக்குகளைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தண்ணீர் நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஊர் திரும்பியதும் விமான நிலையத்தில் விசாரித்தாள். ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். 'பொருளின் பெயர்' என்ற இடத்தில் 'கம்பி' என்று எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

திங்கட்கிழமை சலவைப் பிரிவில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சக்கரம், எத்தனாவது?"

"முடிக்கல."

"விடு, அடுத்த வருஷம் ஒரு கை பாத்துடலாம்."

அவர்களுக்கு வயது விதி தெரியாது. அவள் விளக்கவில்லை. இயந்திரம் நின்றிருந்தது, கதவைத் திறந்து விரிப்புகளை இழுக்கத் தொடங்கினாள்.

கணவன் மட்டும் விடவில்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டு, அந்த மரையோடு ஒரு கம்பியை வரவழைத்தான். இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவள் தன் பழைய சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்தாள். வந்த அன்றே சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, துடைத்து, கூடத்தில் நிறுத்தினான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன்."

"நாளைக்குப் பாக்கலாம்ங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். தலை சுற்றியது. இரண்டு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.