பாக்கி இருந்தால் என்னிடம் வாருங்கள்

என் தம்பி உபைதுல்லா தைத்த தார்ப்பாயில் தண்ணீர் இறங்காது. டோல்கேட் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தைத்து முடித்ததும் தையல் ஓடிய இடத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பான். அதற்குத் தனியாகக் கூலி வாங்க மாட்டான்.

"மழை வந்து உன்னாண்ட கம்ப்ளெய்ண்டு குடுக்கப் போவுதா பாய்?" என்று பக்கத்து டீக்கடைக் கோதண்டம் கிண்டல் செய்வார்.

"சரக்கு நனைஞ்சா என் பேர்தான் நனையும்" என்பான்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நான், பதுருன்னிசா. அடுத்தவன் உபைது. கடைசி ஒவைஸ். அத்தா இறந்ததும் என் படிப்பு நின்றது. பிறகு உபைதின் படிப்பும் நின்றது. ஒவைஸாவது படிக்கட்டும் என்று விட்டோம். அவன் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டான். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற வண்டி. சாலையில் ஓடிய நேரத்தைவிட எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்ற நேரம்தான் அவனுக்கு அதிகம். வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்கி, கேட்டுக்குள் போய் இறக்கிவிட்டு வருவான்.

போன மார்கழியில் ஒரு காலை, வரிசை நகர்ந்தது. அவன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடுத்த வண்டி டிரைவர் டெரிக் இறங்கி வந்து, திட்டிக்கொண்டே ஏறிக் கதவைத் திறந்திருக்கிறார். ஒவைஸ் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டெரிக் அந்தப் போனை உபைதின் கையில் கொடுத்தபோதும் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இறந்தவருக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று ஜமாஅத்தாரிடம் சொல்ல வேண்டும். கடனோடு போனவரின் ரூஹு, அதாவது ஆன்மா, அந்தக் கடன் தீரும்வரை மேலேயும் போகாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் நிற்கும் என்பது எங்கள் நம்பிக்கை. உபைது நாலு பேர் நடுவில் பேசிப் பழகாதவன். அன்றைக்குப் பேசினான். பெண்கள் வீட்டில் இருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவன் குரல் தெருவெல்லாம் கேட்டது.

"என் தம்பி ஒவைஸு யார்கிட்டயாவது எதுனா வாங்கியிருந்தா, பாக்கி இருந்தா, என்கிட்ட வாங்க. இனிமே அது என் கடன்."

கடைசி நாலு வார்த்தை வழக்கத்தில் இல்லாதது. அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் கோதண்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமலே பேசினார். "டீக்கணக்கு ஒண்ணு நின்னுச்சு. அத்த வாங்க வரல. அவன் கணக்க அடிச்சிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். பாக்கி இல்ல." டெரிக், "என் ஜாக்கி அவன் வண்டில கீது. நானே எடுத்துக்கறேன். பாக்கி இல்ல" என்று சிலுவை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு 'பாக்கி இல்ல'வுக்கும் உபைதின் தோள் கொஞ்சம் கீழே இறங்குவதைப் பார்த்தேன், மூட்டை இறக்குகிறவன் மாதிரி.

ஒவைஸின் மனைவி ஆஃபியா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெளியார் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. போன் அடித்தால் எடுக்கலாமா கூடாதா என்று அவள் நடுங்கினாள். அதனால் ஒவைஸின் போனையும் உபைதே வைத்துக்கொண்டான். ஒன்று சட்டைப் பையில் தன்னுடையது, இன்னொன்று தையல் மெஷின் மேல் இறந்தவனுடையது.

அந்தப் போனில்தான் அந்தப் பெண் குரல் முதலில் வந்தது. நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்துப் பேசினான்.

"அண்ணா, சாப்டீங்களா?"

"இல்லம்மா. யாரு?"

"ஒவைஸ் அண்ணன் எங்க ஆப்ல லோன் எடுத்திருக்காரு. இன்னிக்கிக் கட்டலன்னா பேஜாராயிடும்ணா."

மெத்தென்ற குரல். மருத்துவமனையில் பெயர் கூப்பிடுகிறவர்களின் குரல் மாதிரி. உபைது, தம்பி இறந்துவிட்டான் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. வீடு தேடி வந்தவர்களிடம் பேசுவதுபோலவே அவளிடமும் மனம் திறந்து பேசினான்.

"இந்தக் கடன் தீர்ற வரைக்கும் என் தம்பி ரூஹு நடுவுல தொங்கினு இருக்கும்மா. எவ்ளோன்னு சொல்லு. நான் கட்றேன். அவன எறக்கி வுட்டுடணும்."

சொன்னாள். கட்டினான்.

மறுநாள் வேறு எண். வேறு குரல், ஆண் குரல். வட்டி பாக்கி என்றது. "பாய், உங்க தம்பி நடுவுல தொங்கினுகீறாராமே? எறக்கி வுட மாட்டீங்களா?"

உபைதின் கையிலிருந்த கித்தான் ஊசி நழுவித் தரையில் விழுந்தது. அவன் சொன்ன வார்த்தை, அவன் சொன்ன மாதிரியே, முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து வந்தது. கட்டினான். அதற்கப்புறம் எத்தனை குரல்கள்! இந்தி கலந்த குரல் ஒன்று. சிரித்துக்கொண்டே பேசுகிற குரல் ஒன்று. வக்கீல் என்று சொல்லிக்கொண்ட கரகரத்த குரல் ஒன்று. எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். தொங்கினுகீறாரு. தொங்கினுகீறாரு. இடையிடையே அந்தப் பெண் குரலும் வரும். சாப்டீங்களாண்ணா என்று கேட்டுவிட்டு, அதையே மெதுவாகச் சொல்லும்.

ஒவைஸின் போட்டோவில் 'திருடன்' என்று எழுதி, அவன் போனில் இருந்த எல்லா எண்ணுக்கும் அனுப்பினார்கள். பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லிக்கு வந்தது. எனக்கு வந்தது. ஆஃபியாவுக்கு வருவதற்குள் அவள் போனை வாங்கி வைத்துவிட்டேன். நானும் உபைதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். அக்கறையாகத்தான் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அறியாத எண் எதையும் எடுக்காதீர்கள் என்றார்கள்.

அதுதான் அவனால் முடியவில்லை.

"நூத்துல ஒருத்தன் நெஜமா குடுத்தவனா இருந்தா இன்னாக்கா பண்றது?" என்றான் வரும் வழியில். "நான்தானே வரச் சொன்னேன். வரவன் மூஞ்சில கதவ சாத்தச் சொல்றியா?"

அவன் முகம் வற்றிப்போனது. இரண்டாவது தையல் மெஷின் இருந்த இடம் ஒருநாள் காலியாக இருந்தது. விற்றுக் கட்டியிருந்தான். தார்ப்பாயை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால் முன்போலச் சட்டென்று இறக்க மாட்டான். அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை, "அக்கா, இதுக்கு அந்தாண்ட யாரோ நிக்கிறா மாதிரி கீதுல்ல?" என்றான். நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் அன்றைக்கு எனக்கும் அந்தத் தார்ப்பாயைத் தொடப் பிடிக்கவில்லை.

கோதண்டம்தான் ஒருநாள் டீ கிளாஸை மெஷின் மேல் வைத்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏன் நைனா, ஒண்ணு கேக்கறேன். டீ துட்டுக்கே நான் வூடு தேடி வந்து நின்னேன். இம்மாந்துட்டு குடுத்தவன் மூஞ்சி காட்டாம கீறானே, எவன் அவன்? குடுத்தவனுக்கு மூஞ்சி வேணாவா?"

உபைது குனிந்து தைத்துக்கொண்டே இருந்தான். டீ ஆறிப்போனது. ஆனால் அடுத்த அழைப்பு வந்தபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நேர்ல வாங்க. கேட்ட துட்டு கைல தரேன். வாங்கிக்கினு, 'ஒவைஸுக்குப் பாக்கி இல்ல'ன்னு நாலு பேர் கேக்க வாயால சொல்லிட்டுப் போங்க. எங்க வழக்கம் அதான். டோல்கேட்ல தார்ப்பாய் கடைன்னா யாரும் காட்டுவாங்க."

"இன்னா பாய், ஆள் வச்சி அடிக்கப் போறியா?"

"டீ வாங்கித் தருவேன்."

அந்தக் குரல் துண்டித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாரிடமும் இதையே சொன்னான். கெட்ட வார்த்தை பேசினார்கள், சிரித்தார்கள், துண்டித்தார்கள். ஒருவரும் வரவில்லை. அழைப்பு மட்டும் நிற்கவில்லை. போன் அடித்தால் அவன் எடுப்பதும் நிற்கவில்லை. பணம் போவது நின்றதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை. "அப்ப இன்னும் தீரலதானேக்கா" என்றான்.

பங்குனியில் ஒரு பிற்பகல், நான் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன். உபைது குனிந்து ஓர் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். வாசலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். வெகுதூரம் நடந்து வந்த களைப்பு.

"அண்ணா, சாப்டீங்களா?" என்றாள்.

உபைதின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் முகமில்லாமல் வந்த குரலுக்கு ஒரு மூக்கும், நெற்றியில் ஒரு சிறிய தழும்பும் இருந்தன.

"நீதானா?" என்றான்.

அவள் பெயர் தேவப்பிரியம். வியாசர்பாடி. போன வாரம் அவளுடைய அப்பா இறந்துவிட்டாராம். "அடக்கம் பண்ணிட்டு வந்து படுத்தா, நீங்க சொன்னதுதாண்ணா கேட்டுகினே கீது. தொங்கினு இருக்கும்னு சொன்னீங்களே, அது. உங்கள்ட்ட வந்து சொல்லாம என்னால வூட்ல இருக்க முடியல. வேலய வுட்டுட்டேன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ஒவைஸ் அண்ணனுக்குக் கடன் இல்லண்ணா. அவர் போன அன்னிக்கிக் காலைலயே முழுசாக் கட்டிட்டாரு. கட்டிட்டு எனக்குத்தான் போன் பண்ணாரு."

"அப்புறம் ஏம்மா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கட்டி முடிச்ச நம்பர்தான் நல்ல நம்பர்னு சொல்லிக் குடுப்பாங்கக்கா. பயந்து கட்னவங்க மறுபடி கட்டுவாங்களாம். அவர் கட்டி முடிச்சதும் அடுத்த ஆள் அடிச்சான். அவர் எடுக்கல. எடுக்க எடுக்க அடிப்பாங்க, எடுக்கலன்னாலும் அடிப்பாங்க. நீங்க தொங்கறத பத்தி சொன்னதை நான்தான் ஆபீஸ்ல சொன்னேன். எழுதி எல்லாருக்கும் படிக்கக் குடுத்துட்டாங்க."

கோதண்டம் டீக்கடையை விட்டு வந்து நின்றிருந்தார். அவர் கையை ஓங்கியதைப் பார்த்தேன். உபைது எழுந்து குறுக்கே நின்றான். அவன் அடிப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"அவன்கிட்டக் கடசியாப் பேசுனது நீதானா?"

அவள் தலையாட்டினாள்.

"இன்னா சொன்னான்?"

"'அவ்ளோதாம்மா, முடிஞ்சிது. இனிமே அடிக்காத. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்'னாரு. அப்புறம், 'இரு, வரிசை நகருது, வைக்கிறேன்'னாரு."

"குரல் எப்டி இருந்துது?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லப் போகிறாளோ என்று பார்த்தேன்.

"பேச ஆரம்பிக்கும்போது மூச்சு வாங்குச்சு. முடிஞ்சிதுன்னு சொல்லும்போது சிரிச்சாருண்ணா."

உபைது தையல் மெஷின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். தோள்கள் குலுங்கின. அவன் ஜனாஸா அன்றுகூட அழவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடி" என்றான். கோதண்டம் முணுமுணுத்துக்கொண்டே போய், எல்லாருக்கும் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு மட்டும் கிளாஸைக் கையில் கொடுக்காமல் மெஷின் மேல் வைத்தார்.

அவள் குடித்ததும் உபைது, "ஒரு வார்த்த சொல்லணும்மா. இங்க இல்ல, அவன்கிட்ட" என்றான்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து எங்கள் இருவரையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். கோதண்டம் கடையைப் பார்த்துக்கொண்டார். கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. கேட்டுக்கு வெளியே நானும் தேவப்பிரியமும் நின்றோம், உபைதும் எங்களோடு நின்றான். கம்பிகளுக்கு ஊடே, வேப்பமரத்துக்கு அப்பால், இன்னும் புல் முளைக்காத மண் தெரிந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அடக்கம் செய்கிற மூன்று பேர் மண்வெட்டியோடு வெளியே வந்தவர்கள், என்னவென்று தெரியாமலே எங்களோடு நின்றார்கள்.

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கம்பியைப் பிடித்தாள்.

"ஒவைஸ் அண்ணா. நான்தான். நீங்க எங்களுக்கு ஒண்ணும் தர வேணாம். பாக்கி இல்ல."

அதே மெத்தென்ற குரல்தான். ஆனால் இந்த முறை அது நடுங்கியது.

அப்போது போன் அடித்தது. மெஷின் மேல் வைத்திருந்த ஒவைஸின் போனை உபைது கையோடு கொண்டுவந்திருந்தான். தேவப்பிரியம் எட்டி எண்ணைப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்தாண்ணா. என் சீட்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கும்" என்றாள்.

தம்பியின் விரல் பழக்கத்தில் எடுக்கப் போனது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விரல் அப்படியே நின்றது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே போனான். மண்ணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைகளை ஏந்தினான்.

போன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் அவன் உருவம் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சட்டைப் பையில் அந்த வெளிச்சம் மட்டும் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அவன் எடுக்கவில்லை.